இரண்டு வருடம் தீனி போட்ட குதிரை யாருக்குச் சொந்தம்?

கோபி பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய மாமனாருக்குப் பழக்கமான ஒருவர், இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடியில், அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தை முடிந்த கையோடு ஒரு பெண் குதிரையை அவர்கள் தோட்டத்தில் கொண்டுவந்து கட்டினாராம். "ரெண்டு மாசம் பாத்துக்கங்க மாமா, கொட்டாய் போட்டதும் வந்து ஓட்டிக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வரும்போதே விலா எலும்பு எண்ணுகிற நிலை. குளம்பு செருப்பு நுனி மாதிரி வளைந்து கிடந்திருக்கிறது. முதல் நான்கு மாதம் ஜிபேயில் தீனிக்காசு வந்தது, பிறகு நின்றுவிட்டது. போனும் எடுப்பதில்லை. வந்த ஆடிக்கு அடுத்த மாசியில் குதிரை ஒரு ஆண் குட்டி போட்டது. இப்போது இரண்டு வருடம் முடியப்போகும் நேரத்தில் அவரே கூப்பிட்டு, கோயமுத்தூரில் ஒருவருக்கு விலை பேசிவிட்டதாகவும், அடுத்த வாரம் வண்டி வரும், தாயையும் குட்டியையும் ஏற்றிவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். ஊரில் பெரியவர்கள், "இத்தன நாள் சோறு போட்டது நீங்க, இனி அது உங்க குதிரைதான், தர முடியாதுன்னு சொல்லுங்க" என்கிறார்கள். அவர்கள் சொல்வது செல்லுமா, குட்டியாவது எங்களுக்கு உண்டா, போலீசுக்குப் போகலாமா என்பது சகோதரியின் கேள்வி.

ஈரோட்டில் உரிமையியல் வழக்குகள் நடத்துகிறவன் நான். வீட்டிலும் குதிரை உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேரடியான பதில் முதலில். குதிரை இன்றைக்கும் அவருடையதுதான். குட்டியும் அவருடையதுதான். தீனி போட்டதாலோ, வருடங்கள் ஓடியதாலோ, உங்கள் மகள் குரல் கேட்டால் அது கனைப்பதாலோ உரிமை உங்களுக்கு மாறவில்லை. ஆனால் இந்த இரண்டு வருடம் அதை உயிரோடு வைத்திருக்க ஆன நியாயமான செலவை அவர் உங்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். அந்தக் கடனைச் சரியாகக் கையாண்டால் குதிரை முறைப்படி உங்கள் பெயருக்கு வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. "தர முடியாது" என்ற ஒரு வார்த்தையை அவசரப்பட்டு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் அந்த வாய்ப்பு கெடும்.

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 148-ஆவது பிரிவில் இந்த உறவைப் பற்றிப் பேசுகிறது. ஒரு பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவர் கையில் கொடுத்து, காரியம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்று பேசிக்கொண்டால் அது ஒப்படைப்பு. எழுத்து தேவையில்லை, வாய்ப்பேச்சே போதும். "ரெண்டு மாசம் பாத்துக்கங்க, வந்து ஓட்டிக்கறேன்" என்பதில் ஒப்படைப்புக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. குதிரையும் மாடும் சட்டத்தின் கண்ணில் அசையும் சொத்துதான். ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் விலங்குகளின் நலனைப் பற்றி எவ்வளவோ எழுதியது. ஆனாலும் வாங்குவது, விற்பது, ஒப்படைப்பது என்று வந்துவிட்டால் பொருளுக்கான சட்டம்தான் இன்னும் பொருந்துகிறது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. இருந்தாலும் உங்களுக்குச் சொல்லவேண்டியது நடப்பில் இருக்கும் சட்டம்.

பெரியவர்கள் சொல்லும் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிகிறது. நிலத்தில் பன்னிரண்டு வருடம் எதிரிடை அனுபவம், அதாவது பிறர் நிலத்தை அத்தனை காலம் அனுபவித்தால் சொந்தமாகும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அது நிலத்துக்கு, அதுவும் உரிமையாளருக்கு எதிராக வெளிப்படையாக அனுபவித்தால். கையில் ஒப்படைத்த அசையும் பொருளுக்கு 1963-ஆம் வருட காலவரையறைச் சட்டத்தில் தனியாக 70-ஆவது இனம் இருக்கிறது. பொருளைத் திரும்பப் பெற வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம். அந்த மூன்று வருடம் ஓடத் தொடங்குவது எப்போது தெரியுமா? அவர் குதிரையைக் கேட்டு, நீங்கள் தர மறுத்த நாளிலிருந்து. கொண்டுவந்து கட்டிய நாளோ, தீனிக்காசு நின்ற நாளோ கணக்கில் வராது. ஆக, இன்றைக்குவரை அவருக்கு எதிராக ஒரு நாள்கூட ஓடவில்லை. பத்து வருடம் தீனி போட்டிருந்தாலும் இதே பதில்தான்.

"அவர் விட்டுவிட்டுப் போய்விட்டாரே, அநாதையாகக் கிடந்ததை நாங்கள் காப்பாற்றினோமே" என்று அடுத்து கேட்பீர்கள். கைவிட்டார் என்று நிரூபிக்க, இனி எனக்கு அது வேண்டாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததைக் காட்டவேண்டும். காசு அனுப்பாததும் போன் எடுக்காததும் பொறுப்பில்லாத்தனத்தைக் காட்டும். உரிமையைத் துறந்ததைக் காட்டப் போதாது. அதுவும் இப்போது விலை பேசிவிட்டு வந்து கேட்கிறவரிடம் அந்த வாதம் நிற்காது. வழியில் கண்டெடுத்த பொருளுக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 169-ஆவது பிரிவு சில நிபந்தனைகளோடு விற்கும் உரிமை தருகிறது: உரிமையாளரைத் தேடியும் கிடைக்கவில்லை, அல்லது நியாயமான செலவைக் கேட்டும் தர மறுக்கிறார், கூடவே பொருள் கெட்டுப்போகும் நிலை, அல்லது செலவு பொருளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டுவிட்டது. சிலர் இதைப் படித்துவிட்டு மாட்டையும் குதிரையையும் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். அது தொலைந்துபோன பொருளுக்கான பிரிவு. யார் கொண்டுவந்து கட்டினார் என்று உங்களுக்குத் தெரியும், அவர் நம்பரும் உங்கள் போனில் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பிரிவு கிடையாது.

விற்றால் என்ன ஆகும்? உங்களுக்கு இல்லாத உரிமையை நீங்கள் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்று 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறது. வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் குதிரை அவர் கையில் நிற்காது. அதைவிடப் பெரிய தொந்தரவு, நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையின்றி விற்றால் நம்பிக்கை மோசடி என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவு வரும். ஐந்து வருடம் வரை தண்டனை உள்ள குற்றம். பாடுபட்டுக் காப்பாற்றிய நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. விற்கவே விற்காதீர்கள்.

இனி பலருக்கும் தெரியாத இடத்துக்கு வருகிறேன். 1960-ஆம் வருட விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் "உரிமையாளர்" என்பதற்கு 2-ஆவது பிரிவு வேறு பொருள் தருகிறது. உண்மையான சொந்தக்காரர் மட்டும் இல்லை, அந்த நேரத்தில் விலங்கைத் தன் கையில் வைத்திருக்கும் யாரும், சொந்தக்காரரின் சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உரிமையாளர்தான். 3-ஆவது பிரிவு, கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் விலங்கின் நலனைக் காக்கும் கடமையைப் போடுகிறது. ஆகவே அவர் காசு தராவிட்டாலும் நீங்கள் தீனியை நிறுத்த முடியாது. விற்கும் உரிமை இல்லை, தீனி போடும் கடமை மட்டும் உண்டு. உங்களுக்கு இது அநியாயமாகப் படும். எனக்கும்தான். ஆனால் இந்தக் கடமைதான் உங்கள் செலவுக் கணக்குக்கு முதுகெலும்பு. "நான் கேட்கவே இல்லையே, நீங்களாகச் செய்தீர்கள்" என்று அவர் சொல்ல முடியாது. அவருடைய குதிரை பட்டினி கிடக்காமல் இருக்கச் சட்டப்படி நீங்கள் செய்தே ஆகவேண்டியிருந்த செலவு அது.

அந்தச் செலவைக் கேட்க ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் உங்களுக்குத் துணை. கூலி எதுவும் பேசாமல் ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டால், அதற்கான அவசியச் செலவைக் கொடுத்தவர் திருப்பித் தரவேண்டும் என்கிறது 158. உங்கள் விஷயத்தில் அவர் கொடுத்தது தீனிக்காசு மட்டும், கூலி இல்லை, ஆகவே இது பொருந்தும். இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவருக்குச் செய்த காரியத்தின் பலனை அவர் அனுபவித்தால் ஈடு தரவேண்டும் என்கிறது 70. முதல் நான்கு மாதம் ஜிபேயில் வந்த பணம் இங்கே உங்களுக்குப் பெரிய சாட்சி. தீனிச் செலவு தன்னுடையது என்று அவரே ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் அது. அந்தப் பரிவர்த்தனைகளை வங்கிக் கணக்கு அறிக்கையாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பணத்தைக் கேட்கவும் மூன்று வருடம்தான் பொதுவாக அவகாசம். இன்னும் ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டால், முதலில் செய்த செலவுகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகத் தொடங்கும்.

"பணத்தைக் கொடுத்தால்தான் கயிற்றை அவிழ்ப்பேன்" என்று பிடித்து வைக்கலாமா என்பதில் நான் உங்களுக்கு இனிப்பான பதில் சொல்ல முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது, ஆனால் ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்ப உழைப்போ திறமையோ செலுத்தி அந்தப் பொருளுக்கு வேலை செய்தவருக்கு மட்டும். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை வைத்துக்கொள்ளும் நகைத்தொழிலாளியைத்தான் சட்டமே உதாரணம் காட்டுகிறது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தீர்ப்புகளிலேயே இந்தக் கோடு குதிரையை வைத்துப் போடப்பட்டுவிட்டது. குதிரைக்குப் பயிற்சி கொடுத்து மதிப்பை உயர்த்தியவர் பிடித்து வைக்கலாம், வெறுமனே கட்டிவைத்துத் தீனி போட்டவர் பிடித்து வைக்க முடியாது. நீங்கள் எலும்பும் தோலுமாக வந்ததைத் தேற்றியிருக்கிறீர்கள், குளம்பு சீர் செய்திருக்கிறீர்கள், குட்டி ஈனவைத்திருக்கிறீர்கள். இது வெறும் தீனிக்கு மேலே என்று வாதிட இடம் இருக்கிறது. நான் உங்கள் வக்கீலாக இருந்தால் கட்டாயம் வாதிடுவேன். ஆனால் அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பிக் குதிரையைக் கட்டிவைக்கச் சொல்ல மாட்டேன். செலவைப் பெறும் உரிமை உறுதியானது. பிடித்து வைக்கும் உரிமை சந்தேகத்துக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

குட்டியைப் பற்றி. இதில் சட்டம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒப்படைத்த பொருளிலிருந்து பெருகியது எதுவானாலும் கொடுத்தவருக்கே போகவேண்டும் என்கிறது 163. பாதுகாக்கக் கொடுத்த பசு கன்று போட்டால் கன்றையும் சேர்த்துத் திருப்பித் தரவேண்டும் என்பது அந்தப் பிரிவிலேயே உள்ள உதாரணம். குதிரைக்குச் சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். ஆடியில் வந்து மாசியில் ஈன்றது என்றால் வரும்போதே சினையாகத்தான் வந்திருக்கிறது. சினைக் குதிரையை அந்தக் கோலத்தில் ஓட்டிவந்திருக்கிறார் என்பது எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் குட்டியின் உரிமையை அது மாற்றாது. குட்டி ஈனவும் வளர்க்கவும் ஆன செலவைச் சேர்த்துக் கேளுங்கள், அது முழுக்க நியாயம்.

சொல்லாமல் விட்டிருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன், இடையில் குதிரையை மாப்பிள்ளை அழைப்புக்கோ கோவில் ஊர்வலத்துக்கோ வாடகைக்கு அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அதில் வந்த பணத்தையும் மறைக்காமல் கணக்கில் கழித்துக் காட்டுங்கள். பேசிய நோக்கத்தைத் தாண்டிப் பயன்படுத்தினால் வரும் சேதம் முழுக்கப் பயன்படுத்தியவர் தலையில் என்கிறது 154. அதற்கும் சட்டம் குதிரையையே உதாரணமாகச் சொல்கிறது. கல்கத்தாவில் காசிக்குப் போவதாகச் சொல்லி வாடகைக்கு எடுத்த குதிரையை ஒருவர் கட்டக்குக்கு ஓட்டிப்போகிறார். கவனமாகத்தான் ஓட்டினார், ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபட்டது. அவரே ஈடு தரவேண்டும்.

போலீசைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டினி போட்டதும் கைவிட்டதும் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றங்கள்தான். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக இந்தத் தொகை அப்படியே நிற்கிறது. ஒரு உயிரை எலும்பாக்கியதற்கு இன்றைக்கு ஒரு வேளை டிபன் காசு என்பது வெட்கப்படவேண்டிய சங்கதி, இதைத் திருத்தியே ஆகவேண்டும். அதைவிட உங்களுக்கு முக்கியமானது 36-ஆவது பிரிவு. குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குப் பிறகு வழக்குத் தொடர முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் அது வந்த நிலையை வைத்து இப்போது யாரையும் தண்டிக்க முடியாது. அவர் போன பிறகு நீங்கள் பட்டினி போடவில்லை என்பதால், அதற்குப் பிந்தைய காலத்துக்கும் பட்டினிக் குற்றம் கூட்டுவது சிரமம். குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, திருப்பிக் கொடுத்தால் மறுபடி வதைபடும் என்று நீதிமன்றம் நம்பினால், விலங்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் 29-ஆவது பிரிவில் இருக்கிறது. அப்போதும் அது அரசுக்குப் போகும், நேராக உங்களுக்கு வராது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். யாராவது எலும்பும் தோலுமாக ஒரு குதிரையை உங்கள் கட்டுத்தரையில் கொண்டுவந்து விட்டால், அன்றைக்கே நான்கு பக்கமும் படம் எடுங்கள். அரசு கால்நடை மருந்தக மருத்துவரை அழைத்து உடல்நிலையை எழுதி வாங்குங்கள். அழைத்துவர ஆளில்லை என்றால் கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். குதிரையின் உடல்கட்டை ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பிடும் ஹென்னெக் அளவுமுறை என்று ஒன்று உண்டு, மருத்துவர்களுக்குத் தெரியும். ஒன்று என்றால் எலும்புக்கூடு, ஐந்து என்றால் அளவான உடம்பு. "உடல்கட்டு 2, குளம்பு நீண்டு வளைந்துள்ளது" என்று ஒரு மருத்துவர் கையெழுத்தோடு எழுதிய ஒரு வரி, பிறகு நீங்கள் பேசும் நூறு வார்த்தைக்கு மேல். இன்னொன்று, பட்டினி கிடந்த குதிரைக்கு இரக்கப்பட்டு முதல் நாளே கொள்ளும் தவிடும் அள்ளி வைத்துவிடாதீர்கள். வயிற்றுவலி வந்தோ, உடம்பின் உப்புச்சத்து நிலைகுலைந்தோ செத்தே போகும். காய்ந்த நல்ல புல்லும் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பல தடவை. தானியத்துக்கு எப்போது மாறலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு நாள் கணக்கில் மாறுங்கள். பாதுகாப்பில் இருக்கும்போது குதிரை இறந்துவிட்டால் புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை செய்து அறிக்கை வாங்கிவிட வேண்டும். சொந்தப் பொருளுக்குக் காட்டும் கவனத்தை ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு உங்களிடம் எதிர்பார்க்கிறது. அந்தக் கவனத்தைக் காட்டியதாக நிரூபிக்கும் சுமையும் உங்கள் மேல்தான் விழும்.

சரி, உங்கள் விஷயத்தில் இந்த வாரம் என்ன செய்வது?

முதலில் கணக்கு. தீனி, மருத்துவர், மருந்து, லாடம், குட்டி ஈன்ற செலவு, ஆள் கூலி என்று மாதவாரியாக எழுதுங்கள். ரசீது இல்லாத தீனிக்கு நியாயமான அளவு போட்டால் போதும். குதிரை தன் எடையில் ஒன்றரையிலிருந்து இரண்டு சதவீதம் வரை காய்ந்த தீவனம் நாளுக்குத் தின்னும். முந்நூற்றைம்பது கிலோ குதிரைக்கு ஐந்திலிருந்து ஏழு கிலோ. அதற்கு மேல் கொள்ளும் தவிடும். உங்கள் காட்டில் விளைந்த சோளத்தட்டும் கோ-4 புல்லும் சும்மா வந்தது என்று விட்டுவிடாதீர்கள், அந்தந்த மாத உள்ளூர் விலை போடுங்கள். மேய விட்ட நாட்களுக்குக் குறைத்துப் போடுங்கள். கூட்டி எழுதினால் மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்கு ஆளாகும். நான்கு மாதம் வந்த பணத்தைக் கழித்துவிடுங்கள். நல்ல குதிரையாகவே இருந்தாலும், இரண்டு வருடச் செலவு அதன் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு வக்கீல் நோட்டீஸ், ஒப்புகையோடு போகும் தபாலில். அதில் "உங்கள் குதிரையைத் தர மறுக்கவில்லை, கூட்டிப்போகத் தயாராக வைத்திருக்கிறோம், ஒப்பந்தச் சட்டத்தின் 158-ஆவது பிரிவுப்படி இவ்வளவு தொகை தரவேண்டியிருக்கிறது, பதினைந்து நாளுக்குள் கணக்குத் தீர்த்துக் கூட்டிப்போகவும், அதுவரை நாளுக்கு இவ்வளவு செலவு சேரும்" என்று இருக்கவேண்டும். மறுக்கவில்லை என்ற அந்த வரிதான், நாளைக்கு அவர் காவல் நிலையத்தில் குதிரையை அபகரித்துவிட்டார்கள் என்று மனுக் கொடுத்தால் உங்கள் கையில் இருக்கும் முதல் தாள். சிலர் நோட்டீசில் "பதினைந்து நாளில் வராவிட்டால் குதிரை எங்களுக்கே சொந்தமாகும்" என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதுவதால் சொந்தமாகாது. ஒருவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று ஒப்பந்தச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வரி உங்களுக்கு எதிராகத்தான் வாசிக்கப்படும்.

கோயமுத்தூர்க்காரர் நேராக வந்து நின்றாலோ போன் செய்தாலோ, "ஆமாங்க, உங்க குதிரைய வெச்சிருக்கறம், வந்து ஏத்திக்கங்க" என்று பேச்சுக்குக்கூடச் சொல்லவேண்டாம். மூன்றாம் ஆள் கையில் இருக்கும் பொருளை விற்றால், அந்த மூன்றாம் ஆள் வாங்கியவரிடம் "உங்களுக்காக வைத்திருக்கிறேன்" என்று ஒத்துக்கொள்ளும்வரை பொருள் ஒப்படைக்கப்பட்டதாக ஆகாது என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த மூன்றாம் ஆள் நீங்கள். "கொடுத்தவர் நேரில் வரட்டும், கணக்குப் பேசிக்கிறோம்" என்பதோடு நிறுத்துங்கள். வாங்குகிறவருக்குப் பாக்கி இருப்பது தெரிந்தால் அவரே பழைய சொந்தக்காரரை நெருக்குவார். பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் பேச்சுவார்த்தைக்கு வழி பிறக்கிறது.

பேச உட்காரும்போது உங்கள் குறி எது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். குதிரை வேண்டுமா, பணம் வேண்டுமா? குதிரைதான் வேண்டும் என்றால், பாக்கித் தொகையையே விலையாகக் கழித்துக்கொண்டு தாயையும் குட்டியையும் உங்களுக்கு விற்றதாக எழுதி வாங்குங்கள். தொகைக்கும் விலைக்கும் வித்தியாசம் இருந்தால் கொடுத்தோ விட்டுக்கொடுத்தோ சரிசெய்யலாம். தாய் அவருக்கு, குட்டி உங்களுக்கு என்றும் முடிக்கலாம். அவர் மனமிரங்கி "வெச்சுக்கங்க மாமா" என்று சொன்னால்கூட எழுத்தில் வாங்குங்கள். அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பதிவு கட்டாயமில்லை, ஒப்படைப்பு போதும் என்று 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டம் 123-ஆவது பிரிவில் சொல்கிறது. ஆனால் குதிரை ஏற்கனவே உங்கள் கட்டுத்தரையில் நிற்கிறது. பார்த்துக்கொள்ளக் கொடுத்தது எந்த நாளில் தானமாக மாறியது என்று காட்ட எழுத்து இல்லாமல் முடியாது. உங்கள் மாமனாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எப்போதாவது போனிலோ வாட்ஸப்பிலோ அவர் அப்படிச் சொல்லியிருந்தால் மொத்த வழக்கும் உங்கள் பக்கம் திரும்பும். அந்தச் செய்தி இருக்கும் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம்.

எழுதும் தாளில் அவர் பெயர், உங்கள் பெயர், தேதி, தொகையோடு குதிரையின் அடையாளம் தெளிவாக வேண்டும். நிறம், வயது, நெற்றி வெள்ளை, எந்தக் காலில் வெள்ளை, சுழி எங்கெங்கே, மைக்ரோசிப் இருந்தால் அதன் எண். வண்டிக்கு ஆர்.சி. புக் இருப்பதுபோல எல்லாக் குதிரைக்கும் அரசு கொடுக்கும் உரிமைப் புத்தகம் கிடையாது. பந்தயக் குதிரைகளுக்கும் மார்வாரி போன்ற இனங்களுக்கும் சங்கங்கள் தரும் பதிவும் பாஸ்போர்ட்டும் உண்டு. அவை குதிரை எது என்று காட்ட உதவும், அவை மட்டுமே உரிமையை முடிவு செய்துவிடாது. அப்படி ஏதாவது அவரிடம் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சந்தையில் அவர் வாங்கியபோது எழுதிய சீட்டு இருந்தால் அதையும். குதிரை உண்மையில் அவருடையதுதானா, இன்னொருவர் பங்கும் இருக்கிறதா என்பதும் அப்போது வெளியே வரும். இரண்டு சாட்சிக் கையெழுத்து, ஒரு முத்திரைத்தாள். வெள்ளைத்தாளில் எழுதினாலும் விற்பனை செல்லும், ஆனால் முத்திரைத்தாளில் எழுதினால் நம்மூரில் மறுபேச்சுக் குறைவு.

பேச்சு முறிந்தால் நீதிமன்றம். செலவுத் தொகைக்கு வழக்குப் போட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது கட்டளையில், வழக்கு முடியும்வரை குதிரையைப் பாதுகாக்கவோ, காரணம் இருந்தால் விற்றுப் பணத்தை நீதிமன்றத்தில் வைக்கவோ உத்தரவு கேட்கலாம். ஆனால் நான் அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். வழக்கு வருடக்கணக்கில் ஓடும், குதிரை தினமும் தின்னும். கோபி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில், வழக்குப் போடுவதற்கு முன்பே மனுக் கொடுக்கலாம். அவரை அழைத்துப் பேசி மக்கள் நீதிமன்றத்தில் முடித்துவைப்பார்கள். அங்கே எழுதும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி உண்டு, ஆகவே மனுவை உங்கள் பெயரிலேயே கொடுங்கள். போகும்போது செலவுக் கணக்கு, வங்கி அறிக்கை, மருத்துவர் சீட்டுகள், குதிரை வந்த நாளில் எடுத்த படம் எதாவது இருந்தால் அது, இப்போதைய படம், இவ்வளவும் கொண்டுபோங்கள். அடுத்த வாரம் வண்டி வரும் என்று சொல்லியிருக்கிறார் என்பதால், நோட்டீசை நாளைக்கே அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நகலை அவர் வாட்ஸப்புக்கும் ஒன்று போட்டுவிடுங்கள்.